இன்னிக்கு அக்கா

லிஃப்ட் கதவின் இரண்டு பாதிகளும் வந்து ஒட்டிக்கொண்ட பிறகுதான் அக்கா வாயைத் திறப்பார். அதற்கு முன்னால் யார் என்ன கேட்டாலும் தலையாட்டல்தான் பதில். கதவு மூடியது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மேலே கிளம்பியது.

“இன்னிக்கு மே ஆறு. வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தி நாலு. ஒரு மைல் தூரத்த நாலு நிமிஷத்துக்குள்ள எவனாலயும் ஓட முடியாதுன்னு பேசிக்கிட்டிருந்த காலம். டாக்டருக்குப் படிச்ச ஒருத்தர், காலையில ஆஸ்பத்திரி வேலைய முடிச்சிட்டு, ரயிலேறிப் போயி, சாயங்காலம் ஓடினாரு.”

இரண்டாம் மாடியில் ஒருவர் மனசே இல்லாமல் இறங்கினார். கதவு மூடும்வரை அக்கா பேசவில்லை.

“ஓடி முடிச்சிட்டாரு. மைக்குல ஒருத்தர் நேரத்த அறிவிக்கிறாரு. மைதானமே மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. ‘மூணு நிமிஷம்...’னு அவர் ஆரம்பிச்சாரு.”

நான்காம் மாடி. கதவு திறந்தது. இன்சூரன்ஸ் அலுவலகத்துக்காரர்கள் ஏழு பேர் அங்கே இறங்க வேண்டியவர்கள். ஒருவரும் அசையவில்லை. மீதி எத்தனை செகண்ட் என்று தெரிய வேண்டுமே.

“இறங்குங்க, இறங்குங்க,” என்றார் அக்கா. “அங்க நின்னவங்களுக்கும் அதுக்கு மேல காதுல விழல. மூணுன்னு சொன்னதுமே அவ்வளவு கூச்சல்.”

ஏழு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். மேலே போகிறவர்களுக்கு ஐம்பத்தொன்பது புள்ளி நான்கு செகண்ட் கிடைத்தது.

இது தற்செயலாக அமைந்ததில்லை. அந்த ‘மூணு நிமிஷம்’ நான்காம் மாடி வாசலில் வந்து விழ வேண்டும் என்று முந்தைய நாளே கணக்குப் போட்டு வைத்திருந்தார். கீழ்த்தளத்திலிருந்து பதினோராம் மாடிக்கு எங்கும் நிற்காமல் போனால் ஐம்பத்திரண்டு செகண்ட். காலை நெரிசலில் எல்லா மாடியிலும் நின்று போனால் இரண்டரை நிமிடம். அக்காவின் உலக வரலாறு முழுவதும் இந்த இரண்டு அளவுகளுக்குள் அடங்கியாக வேண்டும்.

அந்தக் கட்டடத்தில் அவருடைய சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருக்கலாம். மற்ற எல்லோருக்கும் அவர் ‘இன்னிக்கு அக்கா’. சாம்பல் நிறச் சீருடைக் கோட்டு, அதன் மேல் பையில் ஒரு பென்சில், காதோரம் மட்டும் நரைத்த முடி, எதிரில் நிற்பவர் உயரமாக இருந்தாலும் அண்ணாந்து பார்க்காமல் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தே பேசுகிற பழக்கம். வயது ஐம்பதைத் தொட இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. “அம்பதுக்கு என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்டால், “அன்னிக்கு என்ன நடந்திருக்கோ அதச் சொல்வேன்,” என்பார்.

பொத்தானை அழுத்தினால் போகிற லிஃப்டுக்கு ஆள் எதற்கு என்று கட்டடத்தின் நிர்வாகக் குழு இரண்டு முறை கேட்டிருக்கிறது. இரண்டு முறையும் ஒன்பதாம் மாடிக் கண் மருத்துவமனை சண்டைக்கு நின்று அவரைக் காப்பாற்றியது. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கீழே இறங்குகிறவர்களுக்கு எல்லா எண்ணும் புகை மாதிரிதான் தெரியும். அவர்களைக் கைப்பிடித்து ஏற்றி இறக்க ஒரு ஆள் வேண்டும். அந்த நோயாளிகள்தான் அக்காவுக்கு மிகவும் பிடித்த கூட்டம். வேடிக்கை பார்க்க முடியாது, போனை நோண்ட முடியாது. காது மட்டும்தான் திறந்திருக்கும்.

எட்டு வருடங்களுக்கு முன் இந்த வேலைக்கு வந்தபோது அவருக்கு ஒரு தேதியும் தெரியாது. அதற்கு முன் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்குகிற பிரிவில் இருந்தார். அங்கே அறுபது பெண்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே மடிப்பார்கள். இங்கே வந்தால், நாலடி இடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கி நிற்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. “எல்லாரும் எண்ணையே பாத்துக்கிட்டு, ஏதோ துக்கத்துக்குப் போற வேன் மாதிரி இருக்கும். நான் என் செருப்பையே பாத்துக்கிட்டு நிப்பேன்,” என்று அந்த முதல் மாதத்தைச் சொல்வார்.

அந்தத் துக்கத்தைக் கலைத்தது நிர்வாக அலுவலகச் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டி. ஒருநாள் கிழித்துப் போட்ட தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: நவம்பர் 8, 1895, எக்ஸ்ரே கதிர்கள் கண்டறியப்பட்ட நாள். இரண்டாம் மாடிப் பல் மருத்துவர் தனியாக ஏறியபோது, சும்மா போகிறோமே என்று அதை வாய்விட்டுப் படித்தார். பல் மருத்துவர் தினமும் எக்ஸ்ரே எடுக்கிறவர். “அப்படியா? முதல்ல எதப் படம் எடுத்தாராம்?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அக்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்பது அவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே ஆகாது. அடுத்த விடுமுறை நாளில் நூலகத்துக்குப் போனார். முதலில் படமான மனித உடம்பு அந்த விஞ்ஞானியின் மனைவியுடைய கைதான் என்று கண்டுபிடித்தார். எலும்பும், எலும்பில் தொங்குகிற மோதிரமும் தெரிந்தனவாம். அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, என் சாவையே பார்த்துவிட்டேன் என்று சொன்னதாக எழுதியிருந்தது. பல் மருத்துவரிடம் இதைச் சொன்னதும் அவர் இறங்க மறந்து மூன்றாம் மாடி வரை போனார். அன்று முழுக்க வாயைத் திறந்து படுத்த ஒவ்வொருவரிடமும் அவர் அதையே சொன்னதாகக் கேள்வி. அக்கா அன்றிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது அவரிடம் ஒரு தடித்த நோட்டு இருக்கிறது. நாளுக்கு ஒரு பக்கம், முந்நூற்று அறுபத்தாறு பக்கம். பிப்ரவரி இருபத்தொன்பதுக்கும் ஒன்று உண்டு. எதை எழுதினாலும் இரண்டு புத்தகத்தில் பார்த்த பிறகுதான் பேனாவால் எழுதுவார். ஒரே புத்தகத்தில் பார்த்தது பென்சிலில் காத்திருக்கும். மகள் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். எதற்கு இந்தப் பாடு, போனில் தட்டினால் வந்துவிடப் போகிறது என்பாள். அக்காவுக்குப் போனில் நம்பிக்கை இல்லை. “அதுல ஒரே ஆளு மூணு தேதியில பொறக்கிறான்,” என்பார்.

வீட்டில் முதல் ஒத்திகை கணவருக்கு. அவர் தண்ணீர் மோட்டார்களைப் பழுது பார்ப்பவர், பேச்சில் சிக்கனம். அவர் சவரம் செய்கிற நேரமாகப் பார்த்துத்தான் அக்கா அன்றைய சம்பவத்தைச் சொல்வார். முகம் முழுக்க நுரை இருப்பதால் குறுக்கே பேச முடியாது. கத்தி கன்னத்தில் இழுத்துக்கொண்டே போனால் சம்பவம் சுமார். பாதியில் நின்றால் தேறிவிட்டது என்று அர்த்தம். ஒரு நாடே ஒரு விடியற்காலையில் சாலையின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாறிய செப்டம்பர் மூன்றாம் தேதிக் கதையைக் கேட்டபோது மட்டும் கணவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “மாட்டு வண்டிக்கெல்லாம் யாரு சொன்னா?” என்று நுரையோடு கேட்டாராம். அதை அக்கா இன்றும் பெருமையாகச் சொல்வார்.

மாடிக்கு மாடி கதையின் அளவு வேறு. நான்காம் மாடிக்கு ஒரு ஆள், ஒரு காரியம், அவ்வளவுதான். ஏழாம் மாடிக்கு இரண்டு ஆள் தாங்கும், சின்னச் சண்டை இருந்தால் இன்னும் நல்லது. பதினோராம் மாடிக்குப் போகிறவர்களுக்கு ஒரு திருப்பம் உண்டு. எட்டாம் மாடியில் கட்டட வரைபடம் போடுகிற ஒருவர், தன் பிறந்தநாளான அக்டோபர் பத்தில் என்ன நடந்தது என்று ஆசையாகக் கேட்டார். 1582இல் ஐரோப்பாவில் நாட்காட்டியைத் திருத்தியபோது பல தேசங்களில் அக்டோபர் நாலாம் தேதிக்கு மறுநாள் பதினைந்தாம் தேதி வந்துவிட்டது, நடுவில் உள்ள பத்து நாளும் இல்லவே இல்லை என்று அக்கா விளக்கினார். “அந்த வருஷம்னா நீங்க பொறந்திருக்கவே முடியாது சார்.” அந்த மனிதர் ஒரு வாரம் தன் அலுவலகத்தில் எல்லோரிடமும், தான் தப்பிப் பிறந்த கதையைச் சொல்லித் திரிந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அக்கா கறாராக இருந்தார். வீட்டுக் கதை எதுவும் லிஃப்டில் ஏறக் கூடாது. ஐந்தாம் மாடியில் ஒருவருக்குப் பதவி உயர்வு வந்தபோது, இன்னிக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்களேன் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். “அத உங்க ஆபீஸ் போர்டுல போட்டுக்கோங்க சார். நான் சொல்றது ஊரு உலகத்துக்கே நடந்தது,” என்று சொல்லிவிட்டார். நடந்தது என்றால் புத்தகத்தில் இருக்க வேண்டும். அதுவும் இரண்டு புத்தகத்தில். அக்காவுக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை, மூன்று வருடங்களுக்கு முந்தைய ஏப்ரல் பதினெட்டு வரைக்கும்.

அந்தத் தேதிக்கு அவர் வைத்திருந்தது அவருடைய சரக்கிலேயே மிக இலேசானது. 1930ஆம் ஆண்டு, அதே ஏப்ரல் பதினெட்டாம் தேதி, லண்டன் வானொலியில் மாலைச் செய்தி நேரம் வந்தது. அறிவிப்பாளர் மைக் முன்னால் உட்கார்ந்தார். இன்று செய்தி எதுவும் இல்லை என்று சொன்னார். அதோடு சரி. மீதி நேரத்துக்குப் பியானோ வாசித்தார்கள்.

காலையிலிருந்து அக்கா அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எந்த மாடியில் இறங்கினாலும் சிரிப்பு முழுசாகக் கிடைக்கிற கதை அது. கண் நோயாளிகள்கூடக் கலங்கிய கண்ணோடு சிரித்தார்கள். பத்து மணி வாக்கில் ஏறியவர்களில் ஏழாம் மாடிக் கணக்காய்வு அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற பெண்ணும் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டாள், ஆனால் கதை முடியும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு இருக்கும். அன்று கதை முடிந்து எல்லோரும் சிரித்தபோது அவள் மட்டும் அக்காவைப் பார்த்துக் கேட்டாள்.

“ஒண்ணுமே நடக்கலையாக்கா?”

கேள்வி கேட்கிறவர்கள் என்றால் அக்காவுக்கு உயிர். “ஒண்ணுமே நடக்கல கண்ணு. உலகத்துக்கே லீவு,” என்றார்.

மூன்றாம் மாடியில் யாரோ இறங்கினார்கள். அவர்கள் பின்னாலேயே அவளும் இறங்கிவிட்டாள். அங்கே ஏதோ வேலை போலிருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

மறுநாள் அவளைக் காணோம். அதற்கு மறுநாளும். ஆனால் மாலையில் தெரு முனையில் அவள் போவதை அக்கா பார்த்தார். அப்படியானால் வேலைக்கு வருகிறாள், லிஃப்டுக்குத்தான் வரவில்லை. உடம்பு இளைக்கப் படி ஏறுகிறாளாக்கும் என்று இரண்டு வாரம் விட்டுவிட்டார். படிக்கட்டுகளைத் துடைக்கிற அம்மாள்தான் ஒருநாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண் தினமும் ஐந்தாம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குகிறாள். லிஃப்டில் போகக் கூடாதா என்று கேட்டதற்கு, அங்கே ஏதாவது சொல்வார்கள், கேட்க முடியவில்லை என்றாளாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மீதியும் வந்திருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் இதே ஏப்ரல் பதினெட்டாம் தேதிதான் அவளுடைய கணவர் இறந்துபோனார். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துக் கொடுக்கிற வேலை. காலையில் நன்றாகத்தான் கிளம்பிப் போனார். நெஞ்சு வலி.

அக்கா லிஃப்டுக்குத் திரும்பினார். ஏழாம் மாடியிலிருந்து மணி அடித்தது. போனார். ஏற்றினார், இறக்கினார். கதவு மூடிய பிறகும் அவர் வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் அப்படியே ஓடியது. கட்டடம் தவித்துப்போய்விட்டது. அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நான்காம் மாடியில் பேசிக்கொண்டார்கள். நிர்வாகம் வாயைக் கட்டிவிட்டது என்று பத்தாம் மாடியில் ஒருவர் மனு எழுதவே ஆரம்பித்துவிட்டார். பல் மருத்துவர் வாயைத் திறந்து காட்டச் சொன்னார். எல்லோரும் மறுபடி எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டில் கணவர் சவரம் செய்யும்போது அக்கா சமையலறையில் இருந்தார். “இன்னிக்கு ஒண்ணும் இல்லையா?” என்று அவரே குரல் கொடுத்தார். அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நுரையோடு எட்டிப் பார்த்தவரிடம் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். அதை நான் எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா, அன்றைக்கு மட்டும் ஐம்பது தடவையாவது இருக்கும் என்று சொல்லிவிட்டு அழுதார்.

போய் மன்னிப்புக் கேட்டுவிடேன் என்றார் கணவர். அதில்தான் அக்காவுக்குச் சிக்கல். தெரியாமல் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் அவள் கேட்டது ஒரு கேள்வி. ஒன்றுமே நடக்கவில்லையா என்று கேட்டாள். அதற்கு அக்கா ஒரு பதிலும் சொல்லியிருக்கிறார். அந்தப் பதில் சரிதானா என்று அவர் ஒரு புத்தகத்திலும் பார்க்கவில்லை.

விடுமுறை நாளில் நூலகத்துக்குப் போனார். அங்கே நூலகருக்கு அக்கா மேல் மரியாதை அதிகம். ஐந்து வருடமாக ஏதோ பெரிய பரீட்சைக்குப் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அலமாரியில் இருந்த வரலாற்றுப் புத்தகங்களை மேசையில் இறக்கிக் கொடுத்தார். அக்கா அந்த ஒரு நாளை மட்டும் தேடினார்.

கிடைத்தது. செய்தி இல்லாத அந்த நாளில், ஐரோப்பாவின் இன்னொரு மூலையில், மரத்தால் கட்டிய ஒரு தேவாலயம் தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். அதே நாளில் சிட்டகாங்கில் ஒரு சிறு கூட்டம் வெள்ளைக்கார அரசாங்கத்தின் ஆயுதக் கிடங்கைத் தாக்கியிருந்தது. தாக்கியவர்கள் தொலைபேசி, தந்தி நிலையத்தையும் சும்மா விடவில்லை, அதை அழித்துவிட்டார்கள். அக்கா இன்னொரு புத்தகத்திலும் பார்த்தார். அதிலும் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் லண்டனுக்கும் சிட்டகாங்குக்கும் மணிக் கணக்கில் எவ்வளவு வித்தியாசம் என்று போட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் மோட்டார் பில்லின் பின்பக்கத்தில் கூட்டிக் கழித்து, வானொலிக்காரர் மைக் முன்னால் உட்காருவதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பே அந்தத் தாக்குதல் நடந்திருக்க வேண்டும் என்றார்.

மறுநாள் மதியம், காவலாளியிடம் லிஃப்டை ஒப்படைத்துவிட்டு, அக்கா படியேறினார். தினமும் நூறு தடவை மேலே போய் வருகிற மனுஷிக்கு மூன்றாம் மாடியிலேயே நாக்குத் தள்ளியது. ஐந்தாம் மாடித் திருப்பத்தில் ஜன்னல் திட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பிட்டுவிட்டுக் கீழேயிருந்து வந்த அந்தப் பெண், அவரை அங்கே பார்த்ததும் இரண்டு படி கீழேயே நின்றுவிட்டாள்.

“அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா.”

“நீங்க எனக்குன்னு சொல்லலையேக்கா. உங்களுக்குத் தெரியாதுல்ல.”

“அது வேற. அந்தச் சேதியே தப்பு. பாதிதான் பாத்து வச்சிருந்தேன்.”

மூச்சு வாங்க வாங்க, தீயையும் ஆயுதக் கிடங்கையும் அழிந்த தந்தி நிலையத்தையும் சொல்லி முடித்தார். எந்த மாடியிலும் நிறுத்த வேண்டியிராத கதை. ஆனாலும் நடுநடுவே நின்று நின்றுதான் வந்தது. அந்தப் பெண் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அப்போ அந்த ரேடியோக்காரர் பொய் சொல்லலையா?”

“பொய் இல்ல. அவருக்குச் சேதி வரல. அவ்வளவுதான்.”

அவள் மேலே வந்து ஜன்னல் திட்டின் மறுமுனையில் சாய்ந்துகொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினாள்.

“எனக்கும் சாயங்காலம் நாலு மணிக்குத்தான்க்கா சேதி வந்துச்சு. அவர் பதினொண்ணே காலுக்கே போயிட்டாரு. அவங்க கடையில யாருக்கும் என் நம்பர் தெரியல. அஞ்சு மணி நேரம் நான் பாட்டுக்கு டைப் பண்ணிக்கிட்டிருந்தேன். மதியம் நல்லாச் சாப்பிட்டேன். பக்கத்து சீட்டுல ஏதோ சொன்னாங்கன்னு விழுந்து விழுந்து சிரிச்சேன். என்ன ஜோக்குன்னுகூட ஞாபகமிருக்கு. அவர் போனப்புறம் சிரிச்சிருக்கேன்க்கா. ஒண்ணுமே நடக்காத மாதிரி.”

யாரிடமும் இதுவரை சொல்லாததைச் சொல்லுகிற குரல் அது. அக்காவுக்குப் புரிந்தது.

“உனக்குச் சேதி வரலம்மா,” என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“வராத சேதிக்கு நீ எப்படி அழுவ?”

கீழே எங்கோ வாளி நகர்கிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகு அவளாகவே பேச ஆரம்பித்தாள். அவர் கண்ணாடி தேய்த்த கையோடு வீட்டுக்கு வந்தால் தொட்ட இடமெல்லாம் வெள்ளைத் தூள் ஒட்டும் என்றாள். தெருவில் போகிற யாராவது கோணலாகக் கண்ணாடி போட்டிருந்தால், முன்பின் தெரியாதவராக இருந்தாலும் நிறுத்திச் சரிசெய்துவிட்டுத்தான் வருவார் என்று சொல்லும்போது சிரித்துவிட்டாள். அக்கா கேட்டுக்கொண்டே நின்றார். மதிய இடைவேளை முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. இருவரும் மீதி இரண்டு மாடியையும் ஒன்றாக ஏறினார்கள். ஆறாம் மாடியில் அக்காவைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான்.

மறுநாள் காலையில் அவள் லிஃப்டில் ஏறினாள். அக்கா கதவு மூடியதும், இன்னிக்கு மே மாதம் இத்தனாம் தேதி என்று தொடங்கினார். நான்காம் மாடிக்காரர்கள் கை தட்டினார்கள். பத்தாம் மாடிக்காரருடைய மனு பாதியில் நின்றுபோனதில் அவருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

அதற்குப் பிறகு அக்காவிடம் பெரிய மாற்றம் எதுவும் வந்ததாகக் கட்டடத்தில் யாரும் சொல்லவில்லை. கறார் அப்படியேதான் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாததை லிஃப்டில் சொல்வதில்லை. ஆனால் யாராவது இன்று எங்கள் வீட்டில் இன்னது என்று ஆரம்பித்தால், போர்டில் போட்டுக்கொள்ளுங்கள் என்று துரத்துவதில்லை. “அப்படியா, எத்தன மணிக்கு?” என்று கேட்கிறார். கேட்டுவிட்டுத் தலையாட்டுகிறார். ஐந்தாம் மாடிக்காரருக்கு மகள் பிறந்தது காலை ஆறு இருபதுக்கு என்பது இப்போது அவருக்குத் தெரியும். சம்பவம் சொல்கிற வேலை முன்னைவிட ஜோராக நடக்கிறது. சென்ற டிசம்பரில் முதல் விமானம் பன்னிரண்டு செகண்ட் பறந்த கதையைச் சொல்லி, “நீங்க ஒண்ணாம் மாடியில இருந்து மூணாம் மாடி வர்ற நேரம்தான்,” என்று முடித்தபோது, வேலை இல்லாதவர்கள்கூட அந்த இரண்டு மாடிகளுக்கு நடுவே போய் வந்தார்கள். கணவரின் சவரக் கத்தி வாரத்துக்கு மூன்று நாளாவது நிற்கிறது.

படிக்கட்டில் பேசியதற்கு அடுத்த வருடம் ஏப்ரல் பதினெட்டு வந்தபோதுதான் அக்கா நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். வேறு சம்பவம் சொல்லித் தப்பிக்கலாம். அந்தத் தேதிக்கு நோட்டில் இன்னும் நாலைந்து இருந்தன. கணவர்கூட அதைத்தான் சொன்னார். ஆனால் அதையே சொல்வது என்று முடிவு செய்தார். சொல்கிற வரிசையை மட்டும் மாற்றினார். வானொலியிலிருந்து ஆரம்பித்தால் நான்காம் மாடிக்காரர்கள் சிரிப்போடு இறங்கிப் போய்விடுவார்கள்; மீதி அவர்களுக்குக் கிடைக்காது. அதனால் பின்னாலிருந்து தொடங்கினார். முதலில் தீ. அப்புறம் ஆயுதக் கிடங்கு. நான்காம் மாடி வாசலில் தந்தி நிலையம் அழிந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் மெதுவாக இறங்கினார்கள். அவள் லிஃப்டின் பின்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அன்று அவள் லீவு போடவில்லை.

“அதே நாள் சாயங்காலம்,” என்றார் அக்கா, “லண்டன் ரேடியோவுல ஒருத்தர் வந்து, இன்னிக்குச் செய்தி எதுவும் இல்லன்னு சொல்லிட்டு எந்திரிச்சிட்டாரு. மிச்ச நேரத்துக்குப் பியானோ வாசிச்சாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. கண்ணில் மருந்து விட்டுக்கொள்ளப் போகிற ஒரு பெரியவர், “பாவம், அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

ஏழாம் மாடியில் கதவு திறந்தது. அவள் இறங்கினாள். அக்காவைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு நடந்தாள். கணக்காய்வு அலுவலகம் தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. இருபது இருபத்தைந்து அடி தூரம். கீழ்த்தளத்திலிருந்து மணி அடித்தது. பத்தாம் மாடியிலிருந்தும் அடித்தது. மூடத் தொடங்கிய கதவுக்கு நடுவே அக்கா காலை நீட்டி வைத்தார். கதவு அவருடைய செருப்பில் இடித்துவிட்டுத் திரும்பிப் போனது. மறுபடி வந்து இடித்தது. உள்ளே நின்றவர்கள் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அவள் கடைசிக் கதவைத் திறந்து, உள்ளே போய், அது அவள் பின்னால் சாத்திக்கொள்ளும் வரை அக்கா காலை எடுக்கவில்லை.